72,000 ரூபாய், 3 ஐயூஐ, எடுக்காம விட்ட ஒரு எக்ஸ்ரே

ராத்திரி 11 மணி. தூக்கம் வரல, அதான் எழுதுறேன். இன்னைக்குக் காலையில டியூப் டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சு, கருக்குழாய் திறந்திருக்கான்னு பார்க்குற எக்ஸ்ரே. ரெண்டு பக்கக் குழாயும் அடைப்பு. நான் இதுவரைக்கும் 3 ஐயூஐ, அதாவது விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள்ள செலுத்துற சிகிச்சை, பண்ணியாச்சு. 72,000 ரூபாய்.

கல்யாணமாகி 4 வருஷம். எங்க ஊர் பைபாஸ்ல இருக்கிற ஒரு குழந்தைப்பேறு சென்டர். பேரு போடல, வக்கீல் நோட்டீஸைத் தாங்குற தெம்பு இப்ப இல்ல. உள்ள போனா சுவர் பூரா குழந்தை போட்டோ. கவுன்சலர்னு ஒரு பொண்ணு, என்னைவிடச் சின்னவ, கையைப் புடிச்சுக்கிட்டு, "அடுத்த பொங்கலுக்கு உங்க வீட்டுல மூணு பேருக்கா"ன்னா. விழுந்தது அங்கதான். விசேஷம் உண்டான்னு கேட்டவங்கதான் இத்தனை வருஷமா, கையைப் புடிச்சவங்க யாரும் இல்ல. 3 சுத்துக்கும் சேர்த்து பேக்கேஜ் 72,000, முன்னாடியே கட்டணும். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டினோம்.

அன்னைக்கே ஃபாரத்துல எழுதிக் கொடுத்தேன், காலேஜ் படிக்கும்போது குடல்வால் வெடிச்சு ஆபரேஷன் ஆச்சுன்னு. அவங்க ஃபைல்லயே இருக்கு, என் கையெழுத்துல. அப்படி வெடிச்சா உள்ள சீழ் பரவி குழாய் ஒட்டிக்க வாய்ப்பிருக்காம். இதை எனக்கு இப்பதான், வேற ஒரு டாக்டரம்மா சொன்னாங்க.

அப்புறம் என்ன, மாதவிடாய் ரெண்டாம் நாள்லேர்ந்து 5 நாள் மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன், முட்டை இருக்கிற பை 18 மில்லிமீட்டர் தாண்டினதும் ஊசி, மறுநாளோ அதுக்கு மறுநாளோ ஐயூஐ. அவரோட விந்தணுவைக் கழுவி, மெல்லிசா ஒரு டியூப் வழியா கர்ப்பப்பைக்குள்ள விடுவாங்க. 10 நிமிஷம் படுத்திருந்துட்டு வீட்டுக்கு வந்துடலாம். ஆனா கரு உருவாகுறது கர்ப்பப்பையில இல்ல, குழாய்க்குள்ள. ஒரு பக்கமாவது திறந்திருந்தாத்தான் முட்டையும் விந்தணுவும் பார்த்துக்கவே முடியும். எனக்கு ரெண்டும் மூடியிருக்கு. 3 தடவையும் ரிசல்ட்டுக்குக் காத்திருந்த அந்த 14 நாள் நான் மாடிப்படி ஏறல, பப்பாளியைக் கண்ணால பார்க்கல. அவங்க கொடுத்த மாத்திரையில ரெண்டு நாள் தள்ளிப்போனதுக்கு மாமியார் கோயில்ல நெய்விளக்கு போட்டாங்க. அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

மத்தியானம் நேரா அங்கயே போனேன். டாக்டர் ஓ.டி.ல இருக்காங்க, உட்காருங்க. ரெண்டு மணி நேரம். அப்புறம் டாக்டர் கிளம்பிட்டாங்க. மேனேஜரைக் கேட்டா, "எல்லாருக்கும் முதல்லயே டியூப் டெஸ்ட் எழுத மாட்டோம் மேடம், வலிக்கும்." என் வலி மேல என்ன அக்கறை! அந்தப் பொண்ணு இப்ப அக்கான்னு கூப்பிடல, "பேக்கேஜ் ரீஃபண்ட் கிடையாது மேடம்"னா. கூடவே, அடுத்து ஐவிஎஃப், அதான் கருவை வெளியில உருவாக்கி உள்ள வைக்கிறது, அதுக்குப் போகலாமாம், அதுல 10,000 கழிச்சுத் தருவாங்களாம். என் 72,000ல 10,000!

இன்னைக்கு அந்த எக்ஸ்ரேக்கு நான் கொடுத்தது 2,500 ரூபாய். வலிச்சுது, மாதவிடாய் வலி மாதிரி, கொஞ்ச நேரம். அவ்வளவுதான்.

என்னென்ன கேக்கணும்னு வரிசையா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். கை நடுங்குது. குழாய் திறந்திருக்கான்னு பார்க்காம ஐயூஐக்குப் படுக்காதீங்க, முன்னாடி வயித்துல ஆபரேஷனோ டி.பி.யோ இருந்திருந்தா கண்டிப்பா. வீட்டுக்காரர் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிப் படிங்க. எல்லாம் சரியா இருந்தாலே ஒரு சுத்துல நூத்துக்கு 10லேர்ந்து 20 பேருக்குத்தான் தங்கும், பொங்கலுக்கு மூணு பேருன்னு எவளாவது சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க. 2021ல வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி இந்த சென்டரெல்லாம் பதிவு பண்ணியிருக்கணும், ஐயூஐ மட்டும்னா லெவல் 1, ஐவிஎஃப்னா லெவல் 2. சர்டிபிகேட்டைக் கேளுங்க. நான் கேக்கல. பணத்தை மொத்தமா கட்டாதீங்க, ஒவ்வொரு தடவையும் பில் வாங்குங்க. என்கிட்ட இருக்கிறது 72,000ன்னு ஒரே வரி எழுதின ஒரு துண்டுச்சீட்டு.

சீட்டுக்கு இன்னும் 9 தவணை பாக்கி. நாளைக்கு ஒண்ணு கட்டணும்.