ஜி85, ஜி99, 8 எலீட்: வேகமான பிராசஸர் அன்றாடப் புழக்கத்தில் தெரிகிறதா?

மூன்று சிப்களை வைத்துப் பேசலாம். மீடியாடெக்கின் ஹீலியோ ஜி85 வந்தது 2020-இல். அதே நிறுவனத்தின் ஹீலியோ ஜி99, 2022-இல். குவால்காமின் ஸ்னாப்டிராகன் 8 எலீட், 2024 அக்டோபரில். வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் 6 ஆப்பில் ஒற்றைக் கோருக்கான (சிப்புக்குள் கணக்குப் போடும் ஒரு தனி அலகு) மதிப்பெண் முதலாவதற்கு 400-ஐ ஒட்டி வரும், இரண்டாவதற்கு 700-ஐ ஒட்டி, மூன்றாவதற்கு 3000-ஐ ஒட்டி. எண்களைப் பார்த்தால் ஜி85-க்கும் ஜி99-க்கும் இடைவெளி கொஞ்சம்தான், ஜி99-க்கும் எலீட்டுக்கும் இடையில்தான் பெரும் பள்ளம். ஆனால் போனைக் கையில் வைத்துப் புழங்கும்போது கதை தலைகீழாகிறது. ஜி85-இலிருந்து ஜி99-க்குப் போனால் முதல் பத்து நிமிடத்திலேயே வித்தியாசம் தெரியும். ஜி99-இலிருந்து எலீட்டுக்குப் போனவர் வாட்ஸ்அப்பும் யூடியூபும் மட்டுமே பார்ப்பவராக இருந்தால், மாற்றத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்குக் காரணம் பிராசஸருக்கு வெளியே இருக்கிறது. மூடியிருக்கும் ஓர் ஆப்பைத் தொட்டதும் நடப்பதை வரிசையாகப் பாருங்கள். ஆப்பின் கோப்புகள் ஸ்டோரேஜிலிருந்து ரேமுக்கு வர வேண்டும். ஆப் ஓடுவதற்கென்று சிஸ்டத்தில் ஒரு தனி புராசஸ் (ஓடும் நிரல்) உருவாக வேண்டும். முதல் திரை வரையப்பட வேண்டும். பிறகு சர்வரிடம் கேட்டு, பதில் வந்து, உள்ளே இருக்கும் விஷயம் நிரம்ப வேண்டும். இந்த நாலில் நடு இரண்டு மட்டுமே பெரும்பாலும் பிராசஸரின் கையில் உள்ளவை. முதலாவது ஸ்டோரேஜின் பாடு, கடைசி நெட்வொர்க்கின் பாடு. பிராசஸர் நான்கு மடங்கு வேகமானாலும் சர்வரின் பதில் ஒரு மில்லி நொடிகூட முன்னால் வராது.

ஸ்டோரேஜ் விஷயத்தில்தான் ஜி85 அடி வாங்குகிறது. அது ஏற்பது இஎம்எம்சி 5.1 என்ற பழைய ஸ்டோரேஜ் வகையை. அதன் இணைப்பின் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பி. அதைவிட முக்கியம், ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் அதனால் முடியாது. ஜி99-இல் யூஎஃப்எஸ் 2.2 என்ற வேகமான ஸ்டோரேஜ் வகையைப் போடலாம். படிப்பதற்கு ஒரு பாதை, எழுதுவதற்கு ஒரு பாதை என்று தனித்தனியாக இருக்கும், தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம் நொடிக்கு 1000 எம்பி வரை போகும். பிளே ஸ்டோர் பின்னணியில் நாலைந்து ஆப்களை அப்டேட் செய்துகொண்டிருக்கும்போது இஎம்எம்சி போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து தட்டச்சு செய்து பாருங்கள். கீபோர்டு தாமதமாக மேலே வரும், அடித்த எழுத்துகள் கொஞ்ச நேரம் காணாமல் போய் மொத்தமாக வந்து விழும். எழுதும் வேலை வரிசையை அடைத்துக்கொண்டிருப்பதால் படிக்கும் வேலை காத்துக்கிடக்கிறது. இதைப் பார்த்துவிட்டு “பிராசஸர் சரியில்லை” என்பார்கள். அந்த நேரத்தில் பிராசஸரும் ஸ்டோரேஜுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

கோர்களிலும் வித்தியாசம் உண்டு. ஜி85-இல் 2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கார்டெக்ஸ் ஏ75 வகைப் பெரிய கோர்கள் இரண்டு, ஜி99-இல் 2.2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கார்டெக்ஸ் ஏ76. கடிகார வேகத்தில் பத்து சதவீதம்தான் கூடுதல். ஆனால் ஏ75 ஒரு சுற்றில் மூன்று கட்டளைகளைப் பிரித்தெடுக்கும், ஏ76 நான்கை. முன்னேற்றத்தின் பெரும்பகுதி இந்த உள்ளமைப்பிலிருந்தும், சிப்பைத் தயாரிக்கும் நுணுக்க அளவு 12 நானோமீட்டரிலிருந்து 6-க்கு இறங்கியதிலிருந்தும் வருகிறது. இரண்டிலும் மிச்சமுள்ள ஆறு கோர்கள் அதே சிறிய ஏ55-தான். ஆகவே பெட்டியில் “எட்டு கோர்” என்று பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆப் திறப்பது, பக்கம் வரைவது போன்ற உடனடி வேலைகளைச் சுமப்பவை அந்த இரண்டு பெரிய கோர்கள் மட்டுமே. எட்டும் ஏ53 என்ற பழைய சிறிய கோர்களாக இருக்கும் சிப்களில் அந்த இரண்டுகூட இல்லை. அவற்றைத் தள்ளிவைத்துவிடலாம்.

இனி திரை. 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படும் திரையில், ஒரு ஃபிரேமைத் (ஒரு தடவை காட்டும் படத்தை) தயாரிக்க 16.7 மில்லி நொடி கிடைக்கும், 120 ஹெர்ட்ஸில் 8.3 மட்டுமே. நேரத்துக்குள் முடியாவிட்டால் அந்த ஃபிரேம் விடுபடும், உருட்டும்போது சின்னத் துள்ளலாகத் தெரியும். உங்கள் போன் எங்கே நிற்கிறது என்பதை நீங்களே அளக்கலாம். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தொட்டால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். திரையை 60 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டு, அங்கே ‘புரொஃபைல் ஹெச்டபிள்யூயூஐ ரெண்டரிங்’ என்பதில் திரையில் பட்டைகளாகக் காட்டச் சொல்லுங்கள். அடியில் வரிசையாகக் குத்துப் பட்டைகள் எழும், ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். குறுக்கே ஓடும் பச்சைக் கோடு 16 மில்லி நொடி. ஒரே ஓர் ஆப்பில் மட்டும் பட்டைகள் கோட்டைத் தாண்டினால் குறை அந்த ஆப்பை எழுதியவர்களுடையது. செட்டிங்ஸ் பட்டியலை உருட்டும்போதே தாண்டினால் சிப் திணறுகிறது என்று பொருள். பட்டைகள் எங்குமே கோட்டின் பாதியைத் தொடவில்லையென்றால், இதைவிட வேகமான சிப் வாங்கி உருட்டுவதில் எதுவும் மிச்சம் பிடிக்க முடியாது.

அதே பக்கத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஆப் விரிந்து திறக்கும் அனிமேஷனுக்கு ஒரு குறிப்பிட்ட கால அளவு முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. வேகமான சிப் தன் வேலையை முடித்துவிட்டு அனிமேஷன் முடியக் காத்திருக்கும். விண்டோ, டிரான்சிஷன், அனிமேட்டர் ஆகிய மூன்று அளவுகளையும் 1-இலிருந்து 0.5-க்கு மாற்றுங்கள். ஜி99 போன் அந்த ஒரு நிமிட வேலையில் பெறும் சுறுசுறுப்பு, சிப் மாற்றிப் பெறுவதைவிட அதிகமாகக் கண்ணில் படும். ஜி85-இல் இது அவ்வளவு பலன் தராது. அங்கே அனிமேஷன் முடிந்த பிறகும் வெள்ளைத் திரைதான் நிற்கும்.

எலீட் வகைச் சிப் தன் காசுக்கு நியாயம் செய்வது கேமராவில். இன்றைய போட்டோ ஒரே ஒரு படம் இல்லை. பல ஃபிரேம்களை எடுத்து, அசைவைச் சரிசெய்து, அடுக்கி, ஒன்றாக்கித் தருகிறார்கள். ஓடும் குழந்தையை அடுத்தடுத்து எட்டுப் படம் எடுக்கும்போது மலிவான சிப்பில் மூன்றாவதிலேயே ஷட்டர் பட்டன் தயங்கும், கேலரியில் படம் மங்கலாக வந்து பிறகு தெளியும். அந்தத் தயக்கத்தில் தவறிய கணம் திரும்பி வராது. அன்றாட வாழ்க்கையில் சிப் வேகம் இவ்வளவு நேரடியாக உறைக்கும் இடம் வேறு இல்லை. வீடியோவிலும் எல்லை தெளிவாக இருக்கிறது. ஜி99 அதிகபட்சம் 2கே தரத்தில் நொடிக்கு 30 ஃபிரேம் வரைதான் பதிவு செய்யும், 4கே கிடையாது. ஏவி1 வடிவ வீடியோவைப் பிரிக்கத் தனி வன்பொருளும் அதில் இல்லை. அந்த வடிவம் வந்தால் கோர்களே அந்த வேலையைச் செய்ய வேண்டும், பேட்டரி அதற்கு விலை கொடுக்கும். 5ஜி-யும் இல்லை. மதிப்பெண் பட்டியல்களில் இவை எதுவும் தென்படாது, ஆனால் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான்.

இணையப் பக்கங்களிலும் வேகம் தெரியும். விளம்பரமும் ஸ்கிரிப்டும் குவிந்த பக்கம் பெரும்பாலும் ஒற்றைக் கோரை நம்பியே ஓடுகிறது. எலீட்டில் பக்கம் வந்ததுமே உருட்டலாம், ஜி99-இல் ஓரிரு நொடி விறைத்து நிற்கும். வீடியோ எடிட்டிங், கனமான கேம் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே வேகமான சிப் தேவைதான்.

வேகத்தைவிட நான் பெரிதாக மதிப்பது சூடு. போனில் ஃபேன் கிடையாது, அதன் உடம்பு தொடர்ந்து வெளியேற்றக்கூடிய சூடு சில வாட்கள்தான். அதற்கு மேல் போனால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சாம்சங்கின் 4 நானோமீட்டர் முறையில் தயாரானது, சூட்டுக்குப் பேர் வாங்கியது. 2022-இல் வந்த 8 பிளஸ் ஜென் 1-இல் அதே கோர் வகைகளைத் தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி-யின் 4 நானோமீட்டருக்கு மாற்றினார்கள். கடிகார வேகம் 3-இலிருந்து 3.2 கிகாஹெர்ட்ஸாகக் கூடியும் சூடும் மின்செலவும் குறைந்தன. பெயரில் ஒரு “பிளஸ்” மட்டும் கூடியது, புழக்கத்தில் வேறொரு சிப் போலவே நடந்துகொண்டது. பழைய போன் வாங்குபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

விமர்சனங்களில் வரும் ஒற்றை மதிப்பெண் முதல் சில நிமிடங்களின் கதை. கிராஃபிக்ஸ் வேகத்தை அளக்கும் 3டிமார்க் ஆப்பின் வைல்ட் லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரு நிமிடச் சோதனையை 20 தடவை ஓட்டும். அதில் “ஸ்டெபிலிட்டி” சதவீதத்தைப் பார்க்காதீர்கள், மெதுவான சிப் சுலபமாக 99 வாங்கிவிடும். கடைசிச் சுற்றுகளில் கிடைத்த மதிப்பெண்ணைப் பாருங்கள். இருபது நிமிடத்துக்குப் பிறகு உங்களுக்குக் கிடைக்கப்போவது அதுதான். மதிப்பெண்ணை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு 2022-இல் ஒரு சாட்சி கிடைத்தது. சாம்சங்கின் கேம் ஆப்டிமைசிங் சர்வீஸ் பல ஆப்களின் வேகத்தை அடக்கிவிட்டு, வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் ஆப்பை மட்டும் அடக்காமல் விட்டது வெளியானதும், கேலக்ஸி எஸ்22 உள்ளிட்ட போன்களைக் கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து நீக்கியது.

இருக்கும் போன் மந்தமாகிவிட்டது என்பதற்காகப் புதிய சிப் தேடுபவர்கள் முதலில் இரண்டைச் சரிபாருங்கள். ஸ்டோரேஜ் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருக்கிறதா? காலி இடம் குறையக் குறைய, எழுதுவதற்கு முன் பழையதை ஒதுக்கி இடம் பண்ணும் வேலை கூடுகிறது. 20 சதவீதம் காலியாக்கி, ஓர் இரவு சார்ஜில் விட்டால் சுத்தம் செய்யும் வேலையைச் சிஸ்டமே முடித்துவிடும். அடுத்தது பேட்டரி. பேட்டரி தேய்ந்த ஐபோன்களில் பிராசஸரின் உச்ச வேகத்தைக் குறைப்பதாக 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. தேய்ந்த பேட்டரியால் திடீர் மின்தேவையைத் தாங்க முடியாமல் போன் அணைந்துவிடும் என்பதால் அப்படிச் செய்தார்கள். புதுப் பேட்டரி போட்டதும் அந்தப் போன்கள் பழைய வேகத்துக்குத் திரும்பின. “விர்ச்சுவல் ரேம்” கூட்டினால் சரியாகும் என்ற ஆலோசனையைக் கேட்காதீர்கள். அது ஸ்டோரேஜின் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துவது. இஎம்எம்சி போனில் இருக்கிற நெரிசலை இன்னும் கூட்டும்.

வேகமான சிப்புக்கு ஆதரவான வலுவான வாதம் ஆயுள். பிக்சல் 8-க்கும் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருட அப்டேட் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆப்கள் வருடாவருடம் கனக்கின்றன. இன்று பயன்படாத மிச்ச வேகம் ஐந்தாம் வருடத்தில் செலவாகும். இரண்டு மூன்று வருடத்தில் மாற்றிவிடுபவர் அந்த மிச்சத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஆக என் தீர்ப்பு: ஜி85-ஐ எந்த ரேமோடு கொடுத்தாலும் வேண்டாம். பேச்சு, செய்தி, பணம் அனுப்புவது, வீடியோ பார்ப்பது என்று இருப்பவருக்கு 8 ஜிபி ரேமும் யூஎஃப்எஸ் 2.2-உம் உள்ள ஜி99 தாராளம், 5ஜி தேவையில்லையென்றால். பெரும்பாலோருக்கு நான் கைகாட்டுவது நடுவில் இருப்பதை. 2023-இல் வந்த ஸ்னாப்டிராகன் 7 பிளஸ் ஜென் 2 போன்ற சிப் 2.91 கிகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ் எக்ஸ்2 கோரோடு, டிஎஸ்எம்சி-யின் 4 நானோமீட்டரில் வந்தது. கேமராவின் தயக்கம் அங்கேயே பெருமளவு தீர்ந்துவிடுகிறது. எலீட் யாருக்கு என்றால், கேமராவை உயிராக நினைப்பவர்களுக்கும், கேம் ஆடுபவர்களுக்கும், ஆறேழு வருடம் வைத்திருக்கப்போகிறவர்களுக்கும்.

கடையில் சோதிக்கும்போது ஆப் திறக்கும் வேகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காட்சிக்கு வைத்த போனில் ஸ்டோரேஜ் காலியாக இருக்கும், எல்லாமே பறக்கும். கேமராவைத் திறந்து வேகமாகப் பத்துப் படம் எடுங்கள், உடனே கேலரிக்குப் போய்க் கடைசிப் படத்தைப் பெரிதாக்குங்கள். பிறகு ஐந்து நிமிடம் அதிகபட்சத் தரத்தில் வீடியோ பதிவு செய்து, கேமராவுக்குப் பக்கத்தில் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டோடேயே இன்னொரு பத்துப் படம் எடுங்கள். முதல் பத்துக்கும் இரண்டாம் பத்துக்கும் ஷட்டர் ஒரே மாதிரி பதில் சொல்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.