டீசலில் பயோடீசல்: ஓடுகிற வண்டியும் நிற்கிற வண்டியும்

தாவர எண்ணெய் மாதிரியானவற்றிலிருந்து எடுக்கும் பயோடீசல் கலந்த டீசல் போட்டால் இன்ஜின் காலி என்ற பேச்சுதான் நெல்லை பேட்டைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் முதலில் காதில் விழும். லோடு வேன், டிப்பர், டிராக்டர் மூன்றிலும் பி-20 வரை, அதாவது 100 லிட்டரில் 20 லிட்டர் பயோடீசல், நாள்பட ஓட்டிப் பார்த்தால் தெரிவது வேறு. தினமும் ஓடுகிற வண்டிக்கு முதல் இரண்டாயிரம் கிலோமீட்டர்தான் பாடு. நிற்கிற வண்டிக்குத்தான் எந்நேரமும் பாடு.

2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030-க்குள் டீசலில் 5% பயோடீசல் என்று இலக்கு வைத்தது. பெட்ரோலில் எத்தனால் 20%-ஐ எட்டிவிட்டது. டீசல் இன்னும் தவழ்கிறது. வண்டிக்கு ஆகாது என்பதால் அல்ல, கலக்க எண்ணெய் கிடைக்கவில்லை என்பதால். காட்டாமணக்கை நம்பிப் போட்ட பழைய திட்டம் கைகொடுக்கவில்லை. இப்போது பலகாரக் கடைகளில் பொரித்து மீந்த எண்ணெயைத்தான் பெரிதும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. பி-7 வரை சாதா டீசலின் தர அளவுக்குள்ளேயே அடங்கும். அதற்காக வண்டியில் எதையும் மாற்ற வேண்டாம். கீழே வருவதெல்லாம் பி-20-க்கு.

பயோடீசல் ஒரு நல்ல கரைப்பான். பத்து வருஷமாக டாங்க் அடியில் படிந்த கசடை அரித்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்த்துவிடும். ஐடிலிங்கில் வண்டி சுகமாக நிற்கும். லோடோடு ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். “அண்ணாச்சி, வண்டி இழுக்க மாட்டேங்கு, பம்பு போயிட்டு” என்று மெக்கானிக் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் ஃபில்டரைப் பாருங்கள். கறுப்பாகப் பிசின் மாதிரி அப்பியிருந்தால் பம்பில் கைவைக்க வேண்டியதே இல்லை. பி-20-க்கு மாறிய 500 கிலோமீட்டரில் ஒரு ஃபில்டர், 2,000-த்தில் இன்னொன்று, அதன்பிறகு வழக்கமான கணக்கு. டிராக்டரில் துணி ஃபில்டர், பேப்பர் ஃபில்டர் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாட்டியதும் ஃபில்டர் தலையில் உள்ள பிளீடிங் ஸ்க்ரூவை ஒரு சுற்று தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஃபீட் பம்ப் கைப்பிடியை அடித்து இறுக்குங்கள். அடுத்து மெயின் பம்ப் ஸ்க்ரூவிலும் அதே வேலை. உள்ளே சிக்கிய காற்றை எடுக்காமல் செல்ஃபைப் போட்டுத் தேய்த்தால் பேட்டரிதான் இறங்கும்.

பழைய டிராக்டர்களின் ரப்பர் ஹோஸ் ஊறிப் பருத்து, விரலால் அழுத்தினால் களிமண் மாதிரி அமுங்கும். முதலில் கசிவது ரிட்டர்ன் ஹோஸ்தான், கிளிப் ஓரத்தில். அதே சைஸ் ரப்பரை மறுபடி மாட்டினால் சில மாதத்தில் மறுபடி கசியும். பயோடீசலில் ஊறாத வைட்டான் ரப்பர் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஒரே தடவை செலவு.

மைலேஜ் 1 முதல் 2% குறையும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிற வேனில் அது 150 முதல் 300 மீட்டர். டயர் காற்று குறைந்தாலே அவ்வளவு போகும். புகை குறையும், கந்தகம் குறைந்த டீசலில் பம்புக்கு வழவழப்பும் கூடும். குளிரில் உறையும் என்பது ஐரோப்பாவின் கவலை. மார்கழி ராத்திரியிலும் நெல்லையில் அந்தப் பயம் இல்லை. மாஞ்சோலை மேலே ராத்தங்குகிற வண்டி இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

இனி நிற்கிற வண்டி. பிசான நெல் அறுத்து முடிந்ததும் டிராக்டர் கொட்டகைக்குப் போகும். அடுத்த கார் நெல் பருவ உழவுக்குத்தான் வெளியே வரும். இடையில் பங்குனி, சித்திரை வெயில். அரை டாங்க் டீசலோடு நிறுத்தினால் மீதிப் பாதி காற்று. அந்தக் காற்றும் சூடும் பட்டுப் பயோடீசல் கெட்டுப்போகும்: புளித்துப் பிசினாகி நாசிலில் பழுப்புப் பூச்சாக ஒட்டும். மூடியைத் திறந்தாலே பழைய வார்னிஷ் வாடை அடிக்கும். சாதா டீசலைவிடப் பல மடங்கு ஈரத்தையும் இது இழுத்து வைத்துக்கொள்ளும். ராத்திரி வேர்க்கும் தண்ணீர் அடியில் தங்கி, டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் வழுவழுவென்று கறும்பாசி மாதிரிக் கிருமி வளரும். ஆகவே நிறுத்துவதற்கு முந்தைய இரண்டு டாங்க் சாதா டீசல் போடுங்கள். கடைசியில் கழுத்துவரை நிரப்பி 15 நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டால் பம்பு, நாசில்வரை அது போய்ச் சேரும். திரும்ப எடுக்கும் நாளில் முதல் வேலை, வாட்டர் செபரேட்டர் அடித்திருகைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துப் பார்ப்பது. மழைக்காலத்தில், ஓடுகிற வண்டிக்கும் வாரம் ஒருமுறை இதைச் செய்யலாம்.

பேரலில் வாங்கிக் கலக்குபவர்கள் ஜி.ஐ. பேரலை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பேரலை, தொடவே கூடாது. பயோடீசல் அந்தப் பூச்சோடு சேர்ந்து சோப்பாகி ஃபில்டரை அடைக்கும். கெட்டி பிளாஸ்டிக் கேன், நிழல், இறுகிய மூடி போதும். மூன்று மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். வாங்கும்போது ஒரு பாட்டிலில் கலக்காத பயோடீசலும் தண்ணீரும் சமமாக ஊற்றிப் பத்து எண்ணும்வரை குலுக்குங்கள். அரை மணி நேரத்தில் கோடு போட்டதுபோல் பிரிந்தால் சரி. நடுவில் மோர் மாதிரி ஒரு அடுக்கு நின்றால் சரியாகக் கழுவாத சரக்கு அல்லது பாதிதான் பயோடீசலாக மாறிய எண்ணெய், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பி.எஸ்.6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டியில் கம்பெனி கையேடு சொல்லும் சதவீதத்தைத் தாண்டாதீர்கள். புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசல் பாய்ச்சும். அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கும். சாதா டீசல் என்றால் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிப் போகும். பயோடீசல் கொதிநிலை அதிகம், அங்கேயே தங்கும். டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தால் ஆயில் குறையவில்லை என்று சந்தோஷப்பட வேண்டாம். கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் அன்றே ஆயிலை மாற்றுங்கள்.