விசிறி ஜாக்கெட்டா, ஐஸ் வெஸ்ட்டா, கழுத்துக் கருவியா?

வெயிலில் கடப்பாரை பிடித்து வேலை செய்பவரின் உடல் சுமார் 400 வாட் வெப்பத்தை உண்டாக்கும். மணிக்கு 1,440 கிலோஜூல். குளிரூட்டும் உடை என்று எதை நீட்டினாலும் முதலில் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். தொட்டால் சில்லென்று இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

ஐஸ் பைகள் செருகிய கையில்லாச் சட்டையான ஐஸ் வெஸ்ட் இங்கேயே திணறுகிறது. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் போதும். 2 கிலோ ஐஸை முதுகிலும் மார்பிலும் கட்டிக்கொண்டாலும் 668தான்; அரை மணி நேர வேலைக்கே காணாது. அதிலும் ஒரு பங்கை வெளிச்சூடு தின்றுவிடும். உருகிய பிறகு வெறும் தண்ணீரைச் சுமந்தபடி வேலை பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, ஐஸ் நேரடியாகப் பட்டால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, உள்ளே இருக்கும் சூடு வெளியே வருவது குறையும். அதனால்தான் 15, 21, 28 டிகிரியில் உருகும் மெழுகு அல்லது உப்புப் பைகள் வந்தன. தோலுக்கு இதமானவை, ஆனால் கிலோவுக்கு ஐஸை விடக் குறைவான வெப்பத்தையே இழுக்கும்.

இப்போது வியர்வையைப் பாருங்கள். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூலை எடுத்துக்கொண்டு போகும். அதே எடை ஐஸைப் போல ஏழு மடங்கு! விசிறி ஜாக்கெட் இந்த இலவசச் சரக்கைத்தான் பயன்படுத்துகிறது. ஜப்பானில் முன்னாள் சோனி பொறியாளர் இச்சிகாயா ஹிரோஷி கொண்டுவந்தது இது. இடுப்புப் பக்கம் இரண்டு சின்ன விசிறிகள் காற்றை உள்ளே இழுக்கும். அது உடம்புக்கும் துணிக்கும் நடுவே ஓடி, கழுத்து, கை வழியாக வெளியேறும். ஜாக்கெட் பலூன் மாதிரி உப்பினால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம். மேலே பாதுகாப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் காற்றுப் பாதையே அடைபட்டுவிடும். வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் சாதாரண ஜாக்கெட் ஆகவே ஆகாது, பொறியையும் சேர்த்து இழுக்கும். காற்று 35 டிகிரியைத் தாண்டினால் சூட்டையும் உள்ளே கொண்டுவரும். வியர்வை தாராளமாக இருக்கும்வரை சமாளிக்கலாம். எனவே தண்ணீர் குடிப்பது இந்த உடைக்கு எரிபொருள் போடுவது போல.

நனைத்துப் போடும் வெஸ்ட்டும் இதே தத்துவம்தான், விசிறி மட்டும் இல்லை. வறண்ட காற்று வீசும் இடத்தில் அருமை. புழுக்கத்தில் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்ட கதி.

கழுத்தில் மாட்டும் பெல்டியர் கருவி மேல் எனக்கு நம்பிக்கையில்லை. மின்சாரம் பாய்ந்ததும் தகட்டின் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். குளிர்வது உள்ளங்கை அளவுத் தோல்தான். சுகமாக இருக்கும், ஆனால் உடலின் உள்வெப்பம் பெரிதாக இறங்காது. 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று ஓய்வைத் தள்ளிப்போட வைப்பதுதான் இதன் ஆபத்து.

குழாயில் குளிர்நீர் ஓடும் உடை அப்பல்லோ விண்வெளி வீரர்களுக்கே உதவியது. பம்ப், ஐஸ்பெட்டி எல்லாம் முதுகில் ஏறுவதால் நடமாடும் வேலைக்குச் சரிவராது.

ஆக, திறந்தவெளி வேலைக்கு என் ஓட்டு விசிறி ஜாக்கெட்டுக்கு. காற்றே புகாத ரசாயனப் பாதுகாப்பு உடை போட்டவருக்கும், வியர்வை ஆவியாகவே மறுக்கும் கடும் புழுக்கத்துக்கும் மட்டும் முன்பு சொன்ன, 28 டிகிரியில் உருகும் பைகள். அவற்றை மீண்டும் உறைய வைக்க ஃப்ரீசர்கூட வேண்டாம், ஐஸ் தண்ணீர் வாளி போதும். ஆளுக்கு இரண்டு செட் வாங்கி, ஒன்று உடம்பில் இருக்கும்போது மற்றதை வாளியில் போட்டுவைக்கலாம்.