ஆரஞ்சு ஆறு: திராட்சை நட எந்தக் கரை?

தென்கரையில் தென்னாப்பிரிக்காவின் ஃபியூல்ஸ்ட்ரிஃப், எதிர்க்கரையில் நமீபியாவின் நூர்டூவர். நடுவே ஒரு பாலம். வெயிலும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். மாறுவது சட்டம்.

நமீபியா தென்னாப்பிரிக்காவின் ஆட்சியில் இருந்த காலத்தில் அதுவும் ஒன்றாகவே இருந்தது. ஆற்றை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்குத் தண்ணீரில் பங்கு என்ற 1956ஆம் ஆண்டுச் சட்டம் இரு கரையிலும் செல்லுபடியானது. தென்னாப்பிரிக்கா 1998இல் அந்தக் கரையுரிமையை எடுத்துவிட்டது. மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆறு உயிரோடிருக்கவும் முதலில் ஒதுக்கு, மீதிக்கு உரிமம் என்றது புதுச் சட்டம். உரிமம் அதிகபட்சம் 40 ஆண்டு. நட்ட கொடி இருபது, இருபத்தைந்து வருஷம் காய்க்கும் என்றால் தாராளமாகப் போதும். ஆனால் சட்டத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் முறைப்படி பாய்ச்சியவர்கள் அப்படியே தொடரலாம் என்றும் ஒரு பிரிவு உண்டு. நிறவெறிக் காலத்தில் ஆற்றோர நிலம் யார் கையில் இருந்ததோ, தண்ணீரும் பெரும்பாலும் அவர்களிடமே தங்கிவிட்டது. எனக்கு உறுத்துவது இதுதான்.

நமீபியாவின் கதை வேறு. 1990இல் விடுதலை பெற்ற பிறகும் பழைய சட்டமே ஓடியது. 2004இல் புதுச் சட்டம் நிறைவேறியது, நடைமுறைக்கு வரவேயில்லை. 2013இல் இன்னொன்று, அது அமலுக்கு வர 2023 ஆகிவிட்டது! அதற்குள் ஔசன்கேர் பாலைவனத்தில் திராட்சைத் தோட்டங்கள் பரந்துவிட்டன. நவம்பரிலேயே அறுவடை தொடங்குவதால் ஐரோப்பாவின் கிறிஸ்துமஸ் சந்தையைப் பிடித்துவிடுகிறார்கள்.

சரி, மதகு யார் கையில்? தென்னாப்பிரிக்காவின் ஃபாண்டர்க்ளூஃப் அணையில் திறந்துவிடும் நீர் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வாரக்கணக்கில் கழித்துத்தான் இங்கே வரும். இரு கரையுமே கடைமடைதான், ஆனால் அணை ஒருவருடையது. போதாததற்கு, பிரிட்டனும் ஜெர்மனியும் செய்துகொண்ட 1890ஆம் ஆண்டு ஒப்பந்தம் எல்லையை வடகரையில் போட்டது. நடு ஆறுதான் எல்லை என்கிறது நமீபியாவின் அரசமைப்பு. இந்த இழுபறிக்கு நடுவிலும் 1992இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட கூட்டுப் பாசனத் திட்டம் ஆண்டுக்கு 2 கோடி கனமீட்டரைப் பிரித்துக்கொடுத்தது: தென்கரைக்கு 1.1 கோடி, வடகரைக்கு 90 லட்சம்.

ஏற்கெனவே தண்ணீர் உரிமை உள்ள தோட்டம் விலைக்கு வந்தால் தென்கரையைத்தான் சொல்வேன், காகிதம் கெட்டி. வெறும் நிலத்தோடு புதிதாக வருபவருக்கு அந்தக் காகிதம் கிடைப்பதே பெரும்பாடு.