பழைய வண்டியின் இன்டிகேட்டர்: எர்த் ஒயரா, புது ஒயரிங் செட்டா, எல்இடியா?

மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம் ஏறி நாள்தோறும் ராமேசுவரம் போய் வருகிற என் 100 சிசி வண்டிக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. சென்ற ஆண்டு கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, ஓய்கிற சமயத்தில், இடம், வலம் எந்தப் பக்கம் ஸ்விட்சைத் தள்ளினாலும் பின் இன்டிகேட்டர் மங்கலாக எரிந்தது; சிமிட்டுவது அடியோடு நின்றுபோனது. என் முன் மூன்று வழிகள் இருந்தன. கெட்ட இணைப்பை மட்டும் கண்டுபிடித்துத் தனி எர்த் ஒயர் (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் ஒயர்) இழுக்கலாம்; வண்டி முழுக்க ஓடும் ஒயர்க் கட்டான ஒயரிங் செட்டையே புதிதாக மாற்றலாம்; அல்லது நான்கு விளக்குகளையும் எல்இடி ஆக்கி, விளக்கைச் சிமிட்டவைக்கும் ஃபிளாஷரையும் அதற்கேற்ற எலக்ட்ரானிக் வகையாகப் பொருத்தலாம். நான் முதல் வழியில் போனேன். இன்றும் என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பல்பு உருகியிருக்கிறதா, பேட்டரியில் 12 வோல்ட் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் ஒயரில் கை வைக்கப்போவதில்லை. இரண்டு பக்கமும் ஒருசேரக் கெட்டதால் ஃபிளாஷர்தான் போயிருக்கும் என்று மெக்கானிக் சொன்னார். புதிது போட்டும் பலனில்லை. அதை வாங்கும் முன் ஒரு நிமிடச் சோதனை செய்திருக்கலாம். ஃபிளாஷரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து ஸ்விட்சைத் தள்ள வேண்டும். விளக்குகள் பளிச்சென்று நிலையாக எரிந்தால் கோளாறு ஃபிளாஷரில், அப்போதும் மங்கலாகவே எரிந்தால் கோளாறு வேறிடத்தில். என் வண்டியில் மங்கலாகத்தான் எரிந்தது.

பழைய ஃபிளாஷர், தன் வழியாகப் பாயும் மின்னோட்டத்தின் சூட்டில் உள்ளிருக்கும் உலோகத் தகடு வளைந்து விலகுவதால் சிமிட்டுகிறது. ஒரு பக்கத்துக்கு 10 வாட் பல்புகள் இரண்டு, ஆக ஏறத்தாழ 1.7 ஆம்பியர் பாய்ந்தால்தான் அந்தச் சூடு சரியாகக் கிடைக்கும். பாதையில் எங்கேனும் தடை சேர்ந்து மின்னோட்டம் குறைந்தால், குற்றமற்ற ஃபிளாஷரும் சிமிட்டாது. இன்டிகேட்டரை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையைப் பின் ஹோல்டரின் உலோக உடலிலும் வைத்தேன். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் மூன்று வோல்ட் காட்டியது. இருட்டில் பிரேக்கை மிதித்தபோது, ஸ்விட்சைத் தொடாமலே இன்டிகேட்டர் பல்புகளின் இழை மெல்லிய சிவப்பாகத் தெரிந்தது இன்னொரு சாட்சி. பிரேக் விளக்கின் மின்சாரம் தன் எர்த் வழியே முழுதாக இறங்க முடியாமல், பின் பல்புக்குள் புகுந்து முன் பல்பு வழியாக வெளியேறப் பார்க்கிறது என்பதே அதன் பொருள்.

மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றியபோது எல்லாம் விளங்கியது. பின்விளக்குகள் அனைத்துக்கும் அந்த ஒரே போல்ட்தான் எர்த். வாஷரைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, அடியில் இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தது. ஹோல்டருக்குள் பித்தளையில் களிம்பு ஏறியிருந்தது. ஒயரின் உறையைச் சீவினால் செம்பு கறுத்திருந்தது. நான்கு விரற்கடை வெட்டிய பிறகே பளபளக்கும் செம்பு கிடைத்தது. போல்ட்டையும் ஹோல்டர்களையும் உப்புத்தாளால் தேய்த்தேன். நான்கு ஹோல்டர்களிலிருந்தும் பேட்டரியின் நெகட்டிவுக்கு நேராக ஒரு தனி ஒயரை இழுத்து, இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சுருங்கு குழாய் போட்டு மூடினேன். பொருட்செலவு நூறு ரூபாயைத் தாண்டவில்லை, ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது.

ஒயரிங் செட் மாற்றுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. உறை கருகி உருகியிருந்தாலும், முன்னால் வைத்திருந்தவர்கள் கண்ட இடத்தில் வெட்டி ஒட்டியிருந்தாலும், அதைவிட நல்ல வழி கிடையாது. ஒயர்களைக் கோக்கும் கப்ளர்கள் எல்லாம் புதிதாகிவிடும் என்பதும் லாபமே. ஆனால் புதுச் செட்டின் எர்த் முனையும் போய் உட்காருவது அதே துருப்பிடித்த போல்ட்டில்தான். கீழக்கரையிலிருக்கும் என் மச்சான் செட்டை மாற்றிவிட்டுப் போல்ட்டை அப்படியே விட்டுவிட்டார். அடுத்த மழைக்குள் அதே கோளாறு திரும்பி வந்தது. அவர் போட்டது மலிவான செட். அசல் செட் எப்படி உழைக்கும் என்பதற்கு என்னிடம் நேரடி அனுபவம் இல்லை.

எல்இடிக்கு வருகிறேன். பழைய ஃபிளாஷரோடு எல்இடியைப் போட்டால், மின்னோட்டம் போதாமல் அது சிமிட்டாமலே நிற்கும் என்பது பலருக்குத் தெரியும். இரண்டாவது சிக்கல்தான் பலரைத் திணறடிக்கிறது. மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே அடையாள விளக்கு உள்ள வண்டிகளில், அந்தச் சிறு பல்பு இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் குறுக்கே இணைந்திருக்கும். எதிர்ப்பக்கப் பல்புகளின் வழியாகத்தான் அதற்கு எர்த் கிடைக்கிறது. அங்கே எல்இடி வந்துவிட்டால் அந்தச் சொற்ப மின்னோட்டமே போதும், நான்கும் சேர்ந்து சிமிட்டும். இரு ஒயரிலிருந்தும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஆளுக்கொன்று வைத்து அடையாள விளக்கின் ஒரு முனைக்குக் கொண்டுவந்து, மறு முனையை எர்த்தில் கட்டினால் இது தீரும்.

எல்இடி குறைந்த மின்சாரத்தில் எரிவதால் பேட்டரி பலவீனமான வண்டிக்கு அது பொருத்தமானது. கெட்ட எர்த்திலும் பளிச்சென்று எரியும். எனக்கு இடறுவதும் அதே குணம்தான். எர்த் கெட்டிருப்பதை அது மறைத்துவிடும். அதே போல்ட்டை நம்பியிருக்கும் பிரேக் விளக்கு மங்கிக்கொண்டே போகும். பக்கத்து வீட்டுத் தம்பியின் எல்இடி எட்டு மாதமாகக் குறையில்லாமல் எரிகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எட்டு மாதத்தை வைத்து முடிவுகட்ட முடியாது.

எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்புதான். ஒரு பக்கம் பாக்கு விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா என்று இருபுறமும் கடலைப் பார்த்து நிற்கும் ஊரில், உப்புப் பனி புகாத இணைப்பு என்று ஒன்று கிடையாது. ஒயரை எத்தனை புதிதாகப் போட்டாலும் களிம்பு வரத்தான் போகிறது. வந்த பிறகு திறந்து துடைக்க முடிகிறதா என்பதே கேள்வி. பல்பு ஹோல்டரை இரண்டு ஸ்க்ரூ கழற்றித் திறந்துவிடலாம். ஒட்டி மூடிய எல்இடிக்குள் ஈரம் புகுந்தால் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. எனவே ஆண்டுக்கு இருமுறை, கச்சான் ஓய்ந்ததும் ஒருமுறை, வாடைக் காலம் முடிந்ததும் ஒருமுறை, எல்லா ஹோல்டர்களையும் திறந்து பார்க்கிறேன். இந்த முறை திறந்தபோது பின் வலது ஹோல்டரின் அடியில் மட்டும் இலேசாகப் பச்சை தெரிந்தது. உப்புத்தாளால் இரண்டு திருப்பு, விரல் நுனியில் கொஞ்சம் வாசலின், பத்து நிமிட வேலை.