மீன்தொட்டியும் டெஸ்ட் கிட்டும்: நான்கு ஆண்டு அனுபவம்

சென்னையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் இரண்டரை அடி மீன்தொட்டிக்கு நான்கு வயதாகிறது. கொளத்தூர்க் கடைகளில் வாங்கிய நியான் டெட்ராக்களும் ஒரு ஜோடி கௌராமியும் அதில் உள்ளன. தண்ணீரைச் சோதிக்க, காகிதப் பட்டைகளைத் தவிர்த்து, சொட்டுச் சொட்டாக விடும் திரவ டெஸ்ட் கிட்டையே தொடக்கம் முதல் பயன்படுத்தி வருகிறேன்.

கிட் நம்பகமானதுதான், ஆனால் பொறுமை கேட்கும். மீன் கழிவில் உண்டாகும் நச்சான அமோனியாவுக்குரிய சோதனையின் நிறம் மஞ்சளா இளம்பச்சையா என்பதை டியூப்லைட் வெளிச்சத்தில் தீர்மானிக்க முடியாது. பகலில் ஜன்னலோரம் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நைட்ரேட்டுக்கான இரண்டாவது குப்பியின் அடியில் மருந்து படிந்துவிடுவதால், அரை நிமிடமாவது பலமாகக் குலுக்காவிட்டால் அளவு குறைவாகக் காட்டும். இதை அறியாமல், நைட்ரேட்டே இல்லை என்று முதல் மூன்று மாதம் மகிழ்ந்திருந்தேன்.

கிட்டின் அருமை புரிந்தது இரண்டாம் ஆண்டில். எங்கள் போர் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை படியவிடும் கடின நீர். டெட்ராக்களுக்கு மென்னீர் நல்லது என்பதால், மொட்டைமாடி மழைநீரை டிரம்மில் பிடித்து, ஐந்து மாதம் அதை மட்டுமே ஊற்றி வந்தேன். ஒருநாள் அமோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) காட்டியது. மீன்களோ வழக்கம்போல் கூட்டமாக நீந்தி, இரைக்கு ஓடிவந்தன. கிட்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். இருந்தாலும் மனம் கேட்காமல், பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் போர் தண்ணீரை நிரப்பினேன்.

ஒரு மணி நேரத்துக்குள் டெட்ராக்கள் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு, பில்டர் தண்ணீர் விழும் மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடின. கௌராமி மேலே வருவது இயல்பு, அது காற்றைச் சுவாசிக்கும் மீன். டெட்ரா மேலே வந்து நின்றால் ஆபத்து.

நடந்தது இதுதான். மழைநீரில் கார்பனேட் கிட்டத்தட்ட இல்லை. அமோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அமிலத்தைத் தாங்க எதுவுமில்லாததால் அமில-கார அளவான பி.எச். 6க்கு இறங்கி, பாக்டீரியாக்களின் வேலையும் மந்தப்பட்டு, அமோனியா சேர்ந்திருந்தது. அந்த பி.எச்.இல் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அமோனியமாகவே இருக்கும். பி.எச். ஒரு புள்ளி ஏறினால் நச்சு அமோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். நான் ஊற்றிய போர் தண்ணீரின் பி.எச். 8.

டிரம்மில் மிச்சமிருந்த மழைநீரால் தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாக மாற்றி, காற்றுக்கல்லும் போட்டு, இரையை நிறுத்தினேன். எட்டில் இரண்டு டெட்ராக்கள் இறந்தன.

இப்போது இரண்டு பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்து, வாரம் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மாற்றுகிறேன். கலவையைத் தீர்மானிப்பது கேஎச் (கார்பனேட் அளவு) சோதனை: நீலம் மஞ்சளாகும்வரை விடும் சொட்டுகளின் எண்ணிக்கையே அளவு. மழைநீரில் முதல் சொட்டிலேயே மஞ்சளாகிவிடும்; என் கலவைக்கு நான்கு சொட்டு பிடிக்கிறது. நிற அட்டையோடு ஒப்பிட்டுத் தலையைச் சொறிய வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, நான் மூன்றாம் முறையாக வாங்கியிருப்பது இந்தக் குப்பியை மட்டும்தான்.