பழைய கணினிக்கு எட்டு ஜிபி ரேம்: இரண்டு மாரிக்குப் பிறகு

மட்டக்களப்பு கல்லடியில் கடலுக்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. வீட்டிலேயே கல்வெட்டு, கோயில் மலர் எல்லாம் டைப்செட்டிங் செய்து கொடுக்கிறேன். ஒருவர் இறந்து 31-ஆம் நாளுக்கு அச்சிடும் நினைவு நூலைத்தான் இங்கே கல்வெட்டு என்போம். அது எப்போதும் கடைசி நேரத்தில்தான் வரும். இறந்தவரின் வீட்டார் பழைய படங்களோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

கணினி நாலாம் தலைமுறை ஐ3, எச்81 மதர்போர்ட், 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. ஸ்கேன் செய்த படத்தை போட்டோஷாப்பில் திறந்து, பக்கங்களை அமைக்கும் இன்டிசைனையும் கூடவே திறந்தால் மவுஸ் அப்படியே நின்றுவிடும். ஒருநாள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். மெமரி நிரம்பிக் கிடந்தது, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது, ப்ராசசரோ சும்மா இருந்தது. ரேமில் இடம் இல்லாமல் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுத்துக்கொண்டிருந்தது. வேலை செய்யும் ஆள் ப்ராசசர், அவர் சாமானைப் பரப்பும் மேசை ரேம்; ஆளை மாற்றத் தேவையில்லை, மேசையைப் பெரிதாக்கினால் போதும் என்று அப்போதுதான் விளங்கியது.

கடைக்குப் போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இந்த போர்டுக்கு டிடிஆர்3 வகை ரேம் மட்டும்தான் பொருந்தும். அதில் 240 பின், டிடிஆர்4-இல் 288. நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். மடிக்கணினி ரேம் நீளத்தில் குட்டை, அதுவும் உதவாது. போர்டில் ரேம் செருக இரண்டு ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி வரை போடலாம். நான் பழைய 4-ஐ வைத்துக்கொண்டு, பாவித்த 8 ஜிபி ஒன்றைச் சேர்த்தேன்.

முதலில் வாங்கியது பழுது. கணினி வேகமாகத்தான் ஓடியது, ஆனால் மூன்றாம் நாள் சேமித்த கோப்பு ஒன்று திறக்கவில்லை. நீலத்திரையும் வந்தது. இரவு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை யுஎஸ்பியில் போட்டு ஓடவிட்டேன். சிவப்பு வரிகள் கொட்டின. ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பார்த்தபோது புதிதாக வாங்கியதில்தான் பிழை. கடையில் முதலில் மறுத்தார்கள், திரையின் படத்தைக் காட்டியதும் மாற்றித் தந்தார்கள். பாவித்த ரேம் வாங்கினால் முதல் இரவே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். அந்த ஒரு கோப்பால் ஒரு குடும்பத்தின் 12 பக்கங்களைத் திரும்ப அடித்தேன்.

மாற்றிய ரேம் இன்றுவரை நன்றாக இருக்கிறது. இரண்டாவது மாரியில் மட்டும் ஒரு காலை திரை கறுப்பாக நின்று, உள்ளேயிருந்து பீப், பீப் என்று சத்தம் வந்தது. வயரைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்திவிட்டு ரேமைக் கழற்றினேன். அடியிலுள்ள பொன்னிறப் பற்கள் மங்கிப் போயிருந்தன. உப்புக் காற்றும் மழை ஈரமும் சேர்ந்த வேலை. மகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை உலர்ந்த தூரிகையால் தட்டி, இரு பக்கமும் ‘டிக்’ என்று விழும்வரை அழுத்தினேன். சரி, கணினி எழும்பியது. இப்போது மாரி தொடங்குமுன் ஒரு தடவை துடைத்து வைக்கிறேன்.

ரேம் கூட்டியதால் கணினி ஆன் ஆகும் நேரம் குறையவில்லை. அதற்காகப் பிறகு ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான எஸ்எஸ்டி போட்டேன். இதற்கு மேல் இந்தக் கணினியில் செலவழிக்க மாட்டேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்தது, நாலாம் தலைமுறை ப்ராசசர்கள் விண்டோஸ் 11 ஆதரிக்கும் பட்டியலில் இல்லை.

ஆனாலும் போன மாதம் ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்து, “அம்மம்மாட மூக்குத்தி கொஞ்சம் தெளிவாத் தெரியுமா அண்ணா?” என்று கேட்டது. படத்தைப் பெரிதாக்கினேன். காத்திருக்காமல், அவள் பார்த்துக்கொண்டிருக்கவே சரிசெய்து கொடுத்தேன்.